பாலுவின் எட்டுப் பாடல்கள்

பிபிசி வானொலியில் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ என்றொரு நிகழ்ச்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 ஜனவரியில் ராய் பிளம்லி என்பவர் தொடங்கினார். இன்றும் நடக்கிறது. விதி எளிமையானது. ஆளில்லாத ஒரு தீவில் நீங்கள் தனியாகச் சிக்கிக்கொண்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே எட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுபோகலாம். எந்த எட்டு, ஏன் அந்த எட்டு என்று சொல்ல வேண்டும். பைபிளும் ஷேக்ஸ்பியரும் அங்கே ஏற்கெனவே இருக்கும். அவை போக ஒரு புத்தகம், ஓர் ஆடம்பரப் பொருள். அவ்வளவுதான். பாட்டைச் சாக்காக வைத்து விருந்தினரின் வாழ்க்கை முழுவதும் வெளியே வந்துவிடும்.

அதில் ஓய்வுபெற்ற கிரிக்கெட் வீரர் ஒருவர் பேசியதை அண்மையில் கேட்டேன். எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்று சீக்கிரமே முடித்துவிட்டார்கள். பிறகு அப்பா, பள்ளிக்கூடம், முதல் காதல், தோற்ற ஆட்டத்துக்குப் பிந்தைய இரவு என்று பேச்சு போனது. ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. நெறியாளர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். மைதானத்தில் அத்தனை இறுக்கமாக நின்ற மனிதர் இவர்தானா என்று தோன்றியது. எனக்குப் பிடித்திருந்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது.

எதன் மீது பொறாமை என்று பிறகு யோசித்தேன். அவருடைய புகழ் மீதோ பணத்தின் மீதோ அல்ல. ‘உங்களுக்கு என்ன பிடிக்கும்?’ என்று ஒருவர் அவரைக் கேட்டார், பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருந்தார். அதன் மீதுதான். இந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ரசனை உண்டு, நினைவு உண்டு, தனிமை உண்டு, அவற்றைக் கேட்பது நம் நேரத்துக்குத் தகுதியானது என்கிற நம்பிக்கை. இந்தியாவில் இந்த நம்பிக்கை யார் மீது வைக்கப்படுகிறது, யார் மீது வைக்கப்படுவதில்லை என்பதைப் பற்றித்தான் இந்தப் பத்தி.

முதலில் அந்த நாட்டுக் கதையையே பார்ப்போம். அங்கேயும் ஒலிவாங்கி எல்லோருக்கும் சும்மா நீட்டப்படவில்லை. டிரினிடாடில் 1901இல் பிறந்த லியரி கான்ஸ்டன்டைனின் அப்பா கொக்கோ தோட்டத்தில் மேற்பார்வையாளர், அம்மா அடிமைகளாக இருந்தவர்களின் மகள். மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தொடக்க கால நட்சத்திரமான அவர், 1929 முதல் இங்கிலாந்தில் நெல்சன் என்ற ஆலை நகரத்துக்காக ஆடினார். 1943இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஓர் ஆட்டம். அதற்காகக் குடும்பத்துடன் லண்டன் வந்தவருக்கு, இம்பீரியல் ஹோட்டலில் முன்பதிவு செய்திருந்தும் ஓர் இரவுக்கு மேல் தங்க முடியாது என்றார்கள். காரணம் அவருடைய தோல். அமெரிக்க வெள்ளை விருந்தினர்கள் முகம் சுளிப்பார்களாம். அவர் வழக்குத் தொடுத்து 1944இல் வென்றார். நீதிமன்றம் வழங்கிய இழப்பீடு 5 கினி. தொகை சின்னது. ஆனால் பிரிட்டனில் நிறவெறிக்கு எதிரான சட்டத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் அந்த வழக்கைத் தாண்டிப் போவதில்லை.

அதே கான்ஸ்டன்டைன் பிபிசி வானொலியில் பேச்சாளராகக் கேட்கப்பட்டார். 1968இல் அந்த பிபிசியின் ஆளுநர்களில் ஒருவராகவும் ஆனார். 1969இல் பிரபுக்கள் அவைக்கு அனுப்பப்பட்ட முதல் கறுப்பினத்தவரும் அவர்தான்.

பாட்டும் இப்படித்தான் உள்ளே வந்தது. 1950 ஜூன் 29 அன்று மேற்கிந்தியத் தீவுகள் அணி லார்ட்ஸில் இங்கிலாந்தை 326 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இங்கிலாந்து மண்ணில் அவர்களின் முதல் டெஸ்ட் வெற்றி. 1948இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் வந்து இறங்கிய கலிப்ஸோ பாடகர் லார்ட் கிச்னர், ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு பாடியபடி மைதானத்துக்குள் இறங்கினார். அதே கப்பலில் வந்த லார்ட் பிகினர் அந்த வெற்றியைப் பாட்டாக்கினார். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கரீபியனுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் வழிவந்த சன்னி ராமதீனின் பெயர் அந்தப் பாட்டில் ஒலிக்கிறது. அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 11 விக்கெட். வெள்ளைக் கனவான்கள் கைதட்டுவதற்கே அளவு வைத்திருந்த இடத்தில், அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தங்கள் இசையோடு நுழைந்தார்கள். நாங்கள் நன்றாக ஆடுவோம் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. எங்களுக்கு இது பிடிக்கும், இப்படித்தான் கொண்டாடுவோம் என்றும் சொன்னார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளர் என்று சொல்லத்தக்கவர் பல்வாங்கர் பாலு. 1876இல் பிறந்தவர். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சம்பார் சாதி. புனேயில் பார்சிகளின் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் வேலையில் மாதம் 3 ரூபாய்க்குச் சேர்ந்தார். பிறகு வெள்ளையர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். அங்கே வலைப்பயிற்சியில் ஆங்கிலேயர்களுக்குப் பந்து வீசுவதுதான் அவருடைய பள்ளிக்கூடம். ஜே.ஜி. கிரெய்க் என்ற பேர்பெற்ற ஆட்டக்காரர், தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறைக்கும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மணிக்கணக்கில் பந்து வீசச் சொன்னவர்கள், மட்டையைப் பிடிக்க அவரை அநேகமாக அனுமதிக்கவே இல்லை. மட்டை எஜமானுக்கு, பந்து வேலைக்காரனுக்கு.

புனே இந்துக்களுக்கு வெள்ளையரை வெல்ல வேண்டும். அதற்குப் பாலு வேண்டும். சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தையே சாதி இந்துக்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்ததும் தூக்கியெறியும் மண் குவளை. சாப்பாடும் தனி. அவர் விக்கெட் எடுத்தால் அது இந்துக்களின் விக்கெட். தாகம் எடுத்தால் அது தீண்டத்தகாதவனின் தாகம்.

1906இலும் 1907இலும் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களைத் தோற்கடித்ததில் பாலுவின் பங்கு பெரிது. 1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து போன அணி தோல்வி மேல் தோல்வி கண்டது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகளோடு திரும்பினார். இத்தனைக்குப் பிறகும் அவரை அணித்தலைவர் ஆக்க மனம் வரவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான், சகோதரர்கள் வெளிப்படையாகப் போராடிய பிறகு, 1923இல் இந்துக்கள் அணியின் தலைவரானார்.

இவையெல்லாம் இன்று நமக்குத் தெரிகின்றன. ராமச்சந்திர குஹாவின் ஆய்வுக்குப் பிறகு ஓரளவு பரவலாகவும் தெரிகின்றன. ஆனால் நான் படித்தவற்றில், பாலு எந்தப் பாட்டை முணுமுணுத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. மராத்தி நாடகப் பாடல்கள் பிடிக்குமா? வார்க்கரிகளின் அபங்கத்தில், அவருடைய சாதியிலேயே பிறந்த ரோகிதாஸின் பதங்களில் மனம் கரைவாரா? தமாஷாக்காரர்களின் டோலக்கி கேட்டால் கால் தாளம் போடுமா? 1911இல் கப்பலில் வாரக்கணக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்ன பாடினார்? தெரியாது. நம்மிடம் இருக்கும் பாலு எண்களாலும் குவளைகளாலும் ஆனவர். எத்தனை விக்கெட் எடுத்தார், எத்தனை அவமானம் பட்டார். இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்த மனிதர் காணோம்.

பிபிசி விருந்தினருக்குத் தீவு என்பது ஒரு விளையாட்டுக் கற்பனை. பெவிலியனுக்கு வெளியே மண் குவளையோடு நின்ற பாலுவுக்கு அது அன்றாடம். அங்கே இசைத்தட்டு யாரும் கொடுக்கவில்லை.

பாலு இறந்தது 1955இல். அப்போது அகில இந்திய வானொலி என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் நினைவில் வைக்க வேண்டியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், மக்களின் ரசனையைத் திருத்தப் புறப்பட்டார். சினிமாப் பாட்டு மட்டமானது, சாஸ்திரிய சங்கீதமே நாட்டின் இசை என்பது அவர் எண்ணம். சினிமாப் பாட்டு வானொலியிலிருந்து வெளியேறியது. மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. எது இசை, யாருடைய காது காது என்று அரசே தீர்மானிக்க முயன்று மக்களிடம் தோற்ற கதை இது. ஆனால் முழுத் தோல்வி இல்லை. நான் வளர்ந்த காலத்திலும் விடியற்காலையில் மங்கள இசையாக நாகசுரம் வரும். என் தாத்தாவின் பறை வந்து நான் கேட்டதில்லை.

தாத்தா பறையடித்தவர். சாவுக்கும் சாமிக்கும் அவர் வேண்டும். மற்ற நாளில் தெருவுக்குள் வரக் கூடாது. அப்பா சிறுவயதில் அவரோடு போனவர், பிறகு ரயில்வேயில் கேங்மேன் வேலைக்குப் போனார். அப்பாவுக்கு வானொலிப் பைத்தியம். திருச்சி வானொலியின் நேயர் விருப்பத்துக்கு மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடுவார். முகவரியில் பெயர் எழுதுவார், ஊர் எழுதுவார், லால்குடி வழி என்று எழுதுவார். காலனி என்பதை மட்டும் எழுத மாட்டார். ஒருநாள் டீக்கடை வானொலியில் அப்பாவின் பெயரைப் படித்துவிட்டார்கள். கடையில் இருந்தவர்கள், நம்ம ஊர்ல யாருப்பா இந்தப் பேர்ல என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களாம். அப்பா அப்போது அதே கடைக்கு வெளியே, தனிக்குவளையில் டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் கேட்ட பாட்டைத்தான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் கேட்டார்கள். நான்தான் என்று அப்பா சொல்லவில்லை.

இந்தக் கதையை அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சிரிக்க வந்ததில்லை.

ஏனென்றால் நானும் அதையே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரவருக்குப் பிடித்த பாட்டைச் சொல்லச் சொன்னார்கள். பழகிக்கொள்வதற்காகத்தான். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. என் மனசில் இருந்தவை எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் அடிக்கிற அடி, அத்தை பாடுகிற ஒப்பாரி, வியாசர்பாடி நண்பன் பழக்கிவிட்ட கானா. நான் சொன்னதோ ஒரு கர்நாடகப் பாடகியின் பெயர். அவருடைய கச்சேரி ஒன்றைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மகிழ்ந்துபோய், எந்த ராகம் பிடிக்கும் என்று கேட்டார். எல்லாமே பிடிக்கும் சார் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது அவருக்கும் புரிந்தது. இந்த நாட்டில் ‘பிடித்த பாட்டு என்ன?’ என்பது பல நேரம் ‘எந்தத் தெரு?’ என்பதன் மரியாதையான வடிவம்.

கர்நாடக இசை பிடிப்பது குற்றமில்லை. உண்மையிலேயே பிடித்தவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களைப் பார்த்து, இவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று நாமே கேட்பதும் உண்டு. ஒருவனுக்கு என்ன பிடிக்க வேண்டும் என்று அவன் பிறப்பை வைத்து முடிவுசெய்வதை ஊர் செய்தாலும் தப்பு, நாம் செய்தாலும் தப்பு.

இங்கே நம் இயக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் நம்மவர்களை மேடைக்கு அழைக்கும்போது என்ன கேட்கிறோம்? உங்களுக்கு நடந்த கொடுமையைச் சொல்லுங்கள் என்கிறோம். அவசியமான கேள்வி. சொல்லாவிட்டால் கொடுமையே நடக்கவில்லை என்று சாதிப்பார்கள். ஆனால் எப்போதும் அதை மட்டுமே கேட்டால், காயத்தைத் தவிர நம்மிடம் வேறொன்றும் இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். சாதி இந்து விளையாட்டு வீரர் வானொலிக்கு வந்தால் இசை, சமையல், பேரக்குழந்தை பற்றிப் பேசுவார். நம் பிள்ளை ஒருவர் மாநில அணிக்குப் போய்த் திரும்பினால், குடிசையைப் படம்பிடித்து, அம்மா கூலி வேலைக்குப் போவதைச் சொல்லி, கண்ணீரோடு முடிப்பார்கள். அவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளாமலேயே பேட்டி முடிந்திருக்கும்.

பாலு விஷயத்தில் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இளம் அம்பேத்கர் பாலுவைப் பெருமையோடு பார்த்தவர். பின்னாளில் இருவர் வழியும் பிரிந்தது. தனித்தொகுதி விவாதத்தில் பாலு, நம் எம்.சி. ராஜாவைப் போலவே, கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்றார். 1932 பூனா ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகப் பாலுவை நிறுத்தியது. சுமார் 2,000 வாக்கு வித்தியாசத்தில் பாலு தோற்றார். மண் குவளை கொடுத்தவர்களே, அம்பேத்கரை வீழ்த்த வேண்டும் என்றபோது அவரைத் தேடிப் போனார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். அந்த அரசியல் தவறு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனாலும் அந்த மனிதரிடம் எட்டுப் பாடல்களைக் கேட்டிருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். அப்படிக் கேட்டிருந்தால், ஒருவேளை ஐந்தாவது பாட்டுக்கும் ஆறாவது பாட்டுக்கும் நடுவில், அந்தத் தேர்தலில் ஏன் நின்றார் என்பதற்கு ஒரு பதில் வந்திருக்கும். நமக்குப் பிடிக்காத பதிலாகக்கூட இருந்திருக்கலாம். தியாகியாகவோ துரோகியாகவோ ஆக்கிவிட்டால் அவரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்காது. தலித் என்பதற்காகவே ஒருவர் நாயகனாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதும் ஒருவகைத் தனிக்குவளைதான்.

நிலைமை அப்படியே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாவு வீட்டுக் கருவி என்று ஒதுக்கப்பட்ட பறை இன்று போராட்ட மேடைகளில் முன்வரிசையில் நிற்கிறது. 2018இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் சேர்த்துக்கொண்டு சென்னை மேடை ஏறியது. சபாக்களின் மாதமாக இருந்த மார்கழியில் இப்போது மக்களிசையும் ஒலிக்கிறது. இட ஒதுக்கீட்டில் படித்து வந்த நம் பிள்ளைகள் ஒலிவாங்கியைத் தாங்களே வாங்கி வலையொலி நடத்துகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கொடுமையைக் கேளுங்கள், அரசியலைக் கேளுங்கள், கூடவே இதையும் கேளுங்கள். ஓய்வுபெற்ற தூய்மைப் பணியாளரிடம், கபடி ஆடி முட்டி போன அண்ணனிடம், அம்பேத்கர் மன்றத்து அணிக்காக நாற்பது வயது வரை பந்து வீசிய சித்தப்பாவிடம். உங்களோடு எடுத்துக்கொண்டு போக எட்டுப் பாட்டு சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

போன மாதம் நான் அப்பாவிடம் கேட்டேன். ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. காதும் கொஞ்சம் மந்தம். தீவு, இசைத்தட்டு எல்லாம் விளக்கிச் சொன்னதற்கு, “அங்க எதுக்குப் போவணும்? நம்ம தெருவே அப்படித்தானே கெடந்துச்சு” என்றார். பிறகு யோசிக்க ஆரம்பித்தார். டி.எம்.எஸ். இரண்டு, சுசிலா மூன்று, நாகூர் ஹனிபா ஒன்று என்று விரல்விட்டு எண்ணினார். ஏழாவதாகத் தாத்தாவின் ஓர் அடியைச் சொன்னார். சாவு வீட்டிலிருந்து திரும்பி வரும்போது, யாருக்காகவும் இல்லாமல், வரப்பில் நடந்தபடி தாத்தா தனக்காக அடிப்பாராம். அதற்குப் பெயர் இல்லை. இசைத்தட்டும் இல்லை. அப்பா வாயாலேயே அதை அடித்துக் காட்டினார். நான் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டேன்.

எட்டாவது என்னப்பா என்றேன். “இரு, அவசரப்படாதே” என்றார்.

காத்திருக்கிறேன்.